சாணியில், கடலைத் தோலில், பூமிச் சூட்டில் கரண்ட் வருமா? எல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம், பேரணாம்பட்டு, குப்பம், பலமநேர், சித்தூர், நகரி எனத் தமிழ்நாடு-ஆந்திர எல்லையின் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் போட்ட கணக்கின் மேல் நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பயோமாஸ்னா விறகுதானே சார்? அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பேரு?

விறகும் அதில் அடக்கம். கடலைத் தோல், உமி, கரும்புச் சக்கை, மல்பெரிக் குச்சி, மாங்கொட்டை, சாணி, கோழி எரு என்று உயிருள்ளவற்றிலிருந்து வந்து எரியவோ புளிக்கவோ கூடிய எல்லாமே பயோமாஸ்தான்.

எது எந்த வழிக்குப் போகும் என்பதை ஈரம் தீர்மானிக்கும். காய்ந்ததை எரிக்கலாம். ஈரமானதைக் காற்றுப் புகாத தொட்டியில் புளிக்க வைத்து வாயு எடுக்கலாம். சாணியை வறட்டி தட்டி எரிப்பதும், பச்சை விறகைப் பாய்லரில் திணிப்பதும் இந்தப் பிரிவினையை மீறுவதுதான். இரண்டிலும் நஷ்டம்.

2. மரத்தை வெட்டி எரிச்சா புகை வரத்தானே செய்யும்? அப்புறம் எப்படி இது பசுமை?

மரம் எரியும்போது வெளியேறும் கரியமில வாயு, அது வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதான். வெட்டிய இடத்தில் அதே அளவு மறுபடி வளர்ந்தால் கணக்கு நேராகும், வளராவிட்டால் ஆகாது. நிலக்கரியில் வருவது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த கரி. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் இல்லை.

ஆக, மாந்தோப்பில் கவாத்து செய்த கிளை பசுமை. மொட்டையடித்த காப்புக்காடு பசுமை இல்லை. புகையின் கண்ணெரிச்சல் தனி விஷயம். அது ஈரமும் காற்றுக் குறைவும் சேர்ந்து செய்கிற வேலை.

3. ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை கிலோ எரிக்கணும்?

ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி வெப்பத்துக்குச் சமம். நன்றாகக் காய்ந்த கடலைத் தோலோ விறகோ கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி தரும். அப்படியென்றால் ஒரு கிலோவில் நாலரை யூனிட் வரவேண்டுமே என்று தோன்றும். ஆனால் சிறிய நீராவி நிலையம் வெப்பத்தில் 16 சதவீதம் அளவுக்குத்தான் மின்சாரமாக மாற்றும். மீதி புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும் போய்விடும். எனவே யூனிட்டுக்கு 1.3 முதல் 1.5 கிலோ.

இது காய்ந்த சரக்குக்கு. 40 சதவீத ஈரமுள்ள பச்சை விறகில் கிலோவுக்கு 2,300 கிலோகலோரிகூடத் தேறாது. உமி 3,000 சொச்சம், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். விறகை எடை போட்டு வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்.

4. எங்க ஊரு மில்லுல கடலைத் தோல் மலை மாதிரி கெடக்குது. ஒரு பவர் பிளான்ட் போட்டா என்ன?

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 6 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு 7,000 மணி நேரம் ஓடினால் 4 கோடியே 20 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 1.4 கிலோ வீதம் ஏறக்குறைய 59,000 டன் எரிபொருள் வேண்டும். 10 டன் லாரியில் தினம் 20 நடை.

மானாவாரி நிலத்தில் ஏக்கருக்கு 450 கிலோ காய் என்று வைத்தால் தோல் அதில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், சுமார் 125 கிலோ. 59,000 டன்னுக்கு நாலே முக்கால் லட்சம் ஏக்கர் கடலை போட வேண்டும், அதுவும் தோல் முழுக்க உங்களுக்கே வந்தால். மில்லுக்குப் பின்னால் மலை மாதிரித் தெரிவது இந்த நிலையத்துக்குச் சில நாள் தீனிதான்.

பயோமாஸ் நிலையங்கள் பல நின்றுபோவது இந்த இடத்தில்தான். முதல் வருடம் இலவசமாகக் கிடைத்த தோலுக்கு இரண்டாம் வருடம் விலை வைப்பார்கள். அருகில் தீர்ந்ததும் 50 கிலோமீட்டர் தாண்டிப் போக வேண்டும். கடலைத் தோல் லாரியில் இடத்தை அடைக்கும், எடை நிற்காது. டீசல் செலவு எரிபொருள் விலையைத் தாண்டிவிடும். மின்சாரம் விற்கும் விலையோ ஒப்பந்தத்தில் எழுதியதுதான்.

5. அப்போ தோலை என்னதான் பண்றது?

பிரிக்கெட், அதாவது அழுத்திச் செய்த எரிகட்டை போடலாம். பிஸ்டன் பிரஸ்ஸில் அழுத்தும்போது உரசல் சூட்டில் தோலில் உள்ள லிக்னின் இளகி அதுவே பசையாகிறது. தனியாக எதுவும் சேர்க்கத் தேவையில்லை. கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் இருந்த உதிரித் தோல், 1,000 கிலோவுக்கும் மேல் அடர்த்தியுள்ள கட்டையாகிவிடும். டன்னுக்கு 40 முதல் 60 யூனிட் மின்சாரம் செலவாகும்.

வாங்குவோர் அருகிலேயே இருக்கிறார்கள்: சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஷெட், பேக்கரி, மாங்கூழ் ஆலை. இவர்களுக்கு வேண்டியது மின்சாரம் அல்ல, நீராவியும் சூடும். வெப்பத்தை வெப்பமாகவே விற்றால் 70 சதவீதத்துக்கு மேல் பயன்படும். மின்சாரமாக மாற்றினால் 16. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விக்கு விடை தெரிந்துவிடும்.

6. பிரிக்கெட் மெஷின்ல டமார் டமார்னு வெடிக்குது. கட்டையும் பிஸ்கட் மாதிரி உடையுது.

ஈரம். 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் டைக்குள் (கட்டைக்கு உருவம் தரும் அச்சு) நீராவி அடைபட்டு வெளியேறும் இடத்தில் வெடிக்கும். ரொம்பக் காய்ந்திருந்தாலும் கட்டை பிடிக்காது. மழைக்காலத்தில் களத்துத் தோலை நேரே போடக் கூடாது.

டையும் பிஸ்டன் முனையும் சீக்கிரம் தேய்ந்தால் காரணம் செம்மண். காயோடு ஒட்டி வந்த மண்தான் அரம் போல ராவுகிறது. சல்லடை போட்டு உதறிய பிறகு அரையுங்கள். உமி கலந்தால் தேய்மானம் இன்னும் கூடும், அதன் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. தயாரான கட்டையைத் தார்ப்பாய்க்கு அடியில் வைக்கவும். ஒரு மழை போதும், உப்பிப் பொடியாகிவிடும்.

7. வெல்லம் காய்ச்ச சக்கை பத்தவே மாட்டேங்குது. மேல விறகு வாங்க வேண்டியதா இருக்குது. கரும்புல சக்கை கம்மியா?

சக்கை கம்மி இல்லை, அடுப்பு அதிகம் தின்கிறது. ஒரு டன் கரும்பை ஊர் ஆலையில் ஆட்டினால் சாறு 640 கிலோ, ஈரச் சக்கை 360 கிலோ என்று வைப்போம். வெல்லம் 100 கிலோ இறக்க 540 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். கிலோவுக்குச் சுமார் 610 கிலோகலோரி வீதம் 3.3 லட்சம். அந்தச் சக்கை காய்ந்தால் 200 கிலோ நிற்கும், அதில் உள்ள வெப்பம் 7 லட்சத்துக்கும் மேல். பாதி வெப்பம் கொப்பரைக்குப் போனாலே போதும், சக்கை மிஞ்சும்.

பழைய குழி அடுப்பில் கால் பங்குகூடப் போவதில்லை. முதலில் பார்க்க வேண்டியது சக்கை நின்று எரியும் இரும்புக் கிராதி. அது இல்லாவிட்டால் அடியில் காற்று ஏறாமல் சக்கை கரியாகிக் கிடக்கும். அடுத்து புகைபோக்கி. அதில் தகடு வைத்து இழுவையைக் குறைக்க வழி வேண்டும். புகைபோக்கி முனையில் தீ நாக்கு தெரிந்தால் உங்கள் சக்கை ஆகாயத்துக்கு எரிகிறது. மூன்றாவது, வெளியேறும் சூட்டுப் பாதையில் இரண்டாவது கொப்பரை. அடுத்த ஈட்டுச் சாறு அதில் முன்கூட்டியே சூடாகும். சக்கையை மட்டும் இரண்டு மூன்று நாள் நன்றாக வெயில் காட்டுங்கள். இங்கேயும் ஈரம்தான் எதிரி.

8. சாணி கேஸ் போட எத்தனை மாடு வேணும்ணா?

கிலோ சாணிக்கு 40 லிட்டர் வாயு. 25 கிலோவுக்கு ஒரு கன மீட்டர். மாடு ஒன்று கொட்டகையில் தினம் 10 கிலோ போடும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்குத் தினம் 2 கன மீட்டர் வாயு தரும் கலன் சரி, அதற்கு 50 கிலோ சாணி, அதாவது ஐந்து மாடு. மேய்ச்சலுக்குப் போகும் மாடு என்றால் சாணியில் பாதி ஏரிக்கரையில் விழுந்துவிடும், பத்து வேண்டும்.

50 கிலோ சாணிக்கு 50 லிட்டர் தண்ணீர். தினம் 100 லிட்டர் கரைசல் 40 நாள் உள்ளே தங்க வேண்டும், ஆக 4,000 லிட்டர் கொள்ளளவு. முதல் நிரப்பலுக்கே இரண்டு டன் சாணி வேண்டும் என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் பாதித் தொட்டியோடு நிற்கிறார்கள். செங்கல் குவிமாடத் தீனபந்து மாதிரி 1984இல் வந்தது. காதி கிராமத் தொழில் ஆணையத்தின் இரும்பு டிரம் மிதக்கும் மாதிரியைவிடச் செலவு குறைவு. ஆனால் குவிமாடப் பூச்சு சரியில்லை என்றால் வாயு கசிந்துகொண்டே இருக்கும். கை தேர்ந்த கொத்தனார் இல்லாமல் தொடங்காதீர்கள்.

9. கேஸ் வருது, ஆனா அடுப்பு பத்த மாட்டேங்குது. ஏன்?

புதுக் கலன் என்றால் முதல் சில நாள் வருவதில் காற்றும் கரியமில வாயுவும்தான் அதிகம். திறந்துவிட்டு வெளியேற்றுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். காற்று கலந்த மீத்தேன் வெடிக்கும். மூன்று வாரத்துக்குப் பிறகும் பற்றவில்லை என்றால் குழாயைப் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் கட்டி நின்றால் வாயு 'களக் களக்' என்று வரும், சுடர் துள்ளும். குழாயைச் சரிவாகப் போட்டுத் தாழ்ந்த முனையில் தண்ணீர் வடிப்பான் வைக்க வேண்டும். வால்வு இணைப்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கவும்.

எல்பிஜி அடுப்பை அப்படியே மாட்டியிருந்தால் அதுவும் காரணம். அது 300 மில்லிமீட்டர் நீர் அழுத்தத்துக்குச் செய்தது. சாணி வாயு வருவது 100க்குப் பக்கம்தான், வாயுவின் சூடும் குறைவு. ஜெட் ஓட்டை பெரிதாக வேண்டும். இதற்கென்றே வரும் பர்னரை வாங்குவது மேல்.

குப்பம், பலமநேர் மேட்டு நிலம், கடல் மட்டத்துக்கு 600 மீட்டருக்கும் மேலே. மார்கழி, தையில் வாயு குறைவது இயற்கை, நுண்ணுயிருக்கு 35 டிகிரி பிடிக்கும். காலையில் கரைக்காமல் மதியம் வெயிலில் சூடான தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். என்ன அடைப்பானாலும் தொட்டிக்குள் மட்டும் இறங்காதீர்கள், காலி செய்த தொட்டியானாலும் சரி. உள்ளே பிராணவாயு இருக்காது, ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். முதலில் இறங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் சேர்ந்தே போவார்.

10. அதே கேஸ்ல ஜெனரேட்டர் ஓட்டி கரண்ட் எடுத்தா?

ஒரு கன மீட்டருக்குச் சிறிய எஞ்சினில் ஒன்றரை யூனிட். வீட்டுக் கலனில் நாளுக்கு 3 யூனிட் கிடைக்கும், எஞ்சின் பராமரிப்பில் அது போய்விடும். அதே 2 கன மீட்டர் அடுப்பில் எரிந்தால் கிட்டத்தட்ட 0.9 கிலோ எல்பிஜிக்குச் சமம். பதினாறு நாளில் ஒரு சிலிண்டர். எது லாபம் என்று சொல்லவே வேண்டாம்.

நூறு மாட்டுப் பண்ணை என்றால் பேச்சு வேறு. 1,000 கிலோ சாணி, 40 கன மீட்டர், 60 யூனிட். பால் குளிர்விப்பான், தீவன வெட்டி ஓடும். வாயுவை இரும்புத் துருவல் நிரப்பிய உருளை வழியாக விட்டுப் பிறகே எஞ்சினுக்குக் கொடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த கந்தக வாயு எஞ்சின் ஆயிலை அமிலமாக்கி பேரிங்கைத் தின்றுவிடும். துருவல் கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும்.

11. மாங்கூழ் பேக்டரி தோலை இலவசமா கொடுக்கறாங்க. கலனுக்குள்ள போடலாமா?

போடலாம், கிலோவுக்குச் சாணியைவிட வாயு கூடுதலாகவே வரும். ஆனால் சீசன் தொடங்கிய அன்றே ஒரு டிராக்டர் லோடு கொட்டினால் கலன் செத்துவிடும். மாந்தோலின் சர்க்கரை வேகமாகப் புளித்து அமிலமாகும். மீத்தேன் தரும் நுண்ணுயிர் மெதுவானது, அமிலத்தில் வேலை நிறுத்தம் செய்யும். 50 கிலோ சாணிக்கு 5 கிலோ தோல் என்று தொடங்கி வாரம் ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். அமில அளவைக் காட்டும் பி.எச் தாள் வைத்துக்கொள்ளவும். 6.5க்குக் கீழே போனால் தோலை நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, சில நாள் சாணி மட்டும்.

கொட்டையைக் கலனில் போடாதீர்கள், கரையாது. மேலோடு காய்ந்தால் நல்ல விறகு. உள்ளே இருக்கும் பருப்பை எரிப்பது மடத்தனம். அதன் கொழுப்பைக் கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாக வாங்குகிறார்கள்.

12. பட்டுக்கூடு வேக வைக்கிற அடுப்புக்கு காஸிஃபையர் போடச் சொல்றாங்க. நம்பலாமா?

சூட்டுக்கு என்றால் நம்பலாம். காஸிஃபையர் விறகைக் குறைந்த காற்றில் எரித்து, எரியும் வாயுவாக்குகிறது. நூல் எடுக்கும் பட்டறைக்கென்றே டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் இந்த அடுப்பை வடிவமைத்தது. தீயைக் கூட்டிக் குறைக்க முடியும், புகை கண்ணில் அடிக்காது, தண்ணீர்ச் சூடு ஒரே சீராக இருப்பதால் நூலின் தரமும் நிற்கும். விறகை இரண்டு அங்குலத் துண்டாக்கி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் வைத்திருக்க வேண்டும். மல்பெரிக் குச்சி தாராளமாகப் போகும்.

எஞ்சின் ஓட்டி மின்சாரம் என்றால் யோசியுங்கள். வாயுவில் வரும் தார் வால்வில் ஒட்டிக்கொள்ளும். பர்னரில் அது எரிந்துவிடும், எஞ்சினில் எரியாது. வடிகட்டி, கழுவும் தண்ணீர், அந்தக் கறுப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்று வேலை நீளும். இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று: இந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. மணம் கிடையாது, தலைவலிதான் முதல் அறிகுறி. அடைத்த அறைக்குள் வைக்காதீர்கள்.

13. ஏரி பூரா வேலிக்காத்தான். அதை வெட்டி எரிச்சா ரெண்டு வேலையும் முடியுமே?

சீமைக் கருவேலம். ஆந்திரப் பக்கம் சர்க்கார் தும்ம என்பார்களே, அதேதான். நல்ல சூடு, சீக்கிரம் காயும், எரிபொருளாகக் குறையே இல்லை. ஆனால் வெட்டினால் வேரடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஏரி சுத்தமாக வேண்டுமென்றால் வேரோடு எடுக்க வேண்டும், எடுத்துவிட்டால் அடுத்த வருடம் எரிபொருள் இல்லை. மரத்தை ஒழிப்பதா அறுவடை செய்வதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். முதலீடு போட்டு நிலையம் கட்டியவர் ஒழிக்க விடமாட்டார்.

14. பூமிக்குள்ள சூடு இருக்குது, அதுல கரண்ட் எடுக்கறாங்கன்னு படிச்சேன். நிஜமா?

நிஜம். இத்தாலியில் லார்தெரெல்லோ என்ற இடத்தில் 1904இல் பூமியிலிருந்து வந்த நீராவியில் ஐந்து பல்பு எரித்துக் காட்டினார்கள், 1913இல் நிலையமே வந்தது. இன்று அமெரிக்கா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கென்யா, ஐஸ்லாந்து நாடுகளில் பெரிய அளவில் ஓடுகிறது. எல்லாம் எரிமலை அல்லது பூமித்தட்டு பிளக்கும், மோதும் இடங்கள். இரவு பகல் பார்க்காமல் ஓடும் என்பது சூரிய ஒளிக்கு இல்லாத வசதி.

இந்தியாவில் வெந்நீர் ஊற்றுகள் 300க்கும் மேல். முக்கியமானது லடாக்கின் பூகா, 400 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே 100 டிகிரியைத் தாண்டுகிறது. நமக்கு அருகில் என்றால் தெலங்கானாவின் மணுகூரு. கோதாவரிப் பள்ளத்தாக்கில் சிங்கரேணி சுரங்கப் பகுதியில் 20 கிலோவாட் சோதனை நிலையம் அமைத்தார்கள். 20 கிலோவாட் என்பது நான்கைந்து போர் மோட்டார் ஓடும் அளவு.

15. கோலார் சுரங்கத்துல உள்ள போனா வெந்து போயிடுவாங்கன்னு தாத்தா சொல்வாரு. அந்தச் சூட்டுல எடுக்க முடியாதா?

நம் பகுதிக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது, ஏனென்றால் விடையைக் கோலார் ஏற்கெனவே தோண்டி வைத்திருக்கிறது. 2001இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம். குப்பத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் போய் வேலை செய்தவர்களுக்கு அது நரகச் சூடு. ஆனால் அடியில் பாறையின் வெப்பம் சுமார் 65 டிகிரிதான். மேலே 27 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 12 டிகிரி ஏறுகிறது. உலகச் சராசரி 25 முதல் 30. நாம் நிற்கும் பாறை மிகப் பழையது, ஆறிப்போனது.

நல்ல நிலையத்துக்கு 150 டிகிரி தேவை. இதே வீதத்தில் அதை எட்ட 10 கிலோமீட்டர் இறங்க வேண்டும். ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் (கோலார் அல்ல) போட்ட துளை 12,262 மீட்டர். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு ஆனது. அலாஸ்காவில் 74 டிகிரி தண்ணீரிலேயே மின்சாரம் எடுக்கிறார்களே என்பார்கள். அங்கே குளிர்விக்கும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். டர்பைனை ஓட்டுவது சூடு அல்ல, சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளி. சித்தூர் சித்திரை வெயிலில் அந்த இடைவெளி எங்கே கிடைக்கும்?

16. எங்க போர்வெல் ஆயிரம் அடி. தண்ணி வெதுவெதுன்னு வருது. அது பூமிச் சூடுதானே?

ஆயிரம் அடி என்பது 300 மீட்டர். மேலே சொன்ன வீதத்தில் நாலு டிகிரிகூட ஏறாது. 27க்குப் பதில் 31க்குள் இருக்கும். மார்கழி விடியலில் 16 டிகிரிக் குளிரில் கை வைத்தால் அது வெந்நீராகத் தெரியும், ஆவியும் பறக்கும்.

எப்போதும் இல்லாமல் திடீரென்று சூடாக வந்தால் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். ஊற்று குறைந்து மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓடாவிட்டால் அதன் சூட்டைத் தான் வாங்கிக்கொண்டு தண்ணீர் மேலே வரும். ஆம்பியர் மீட்டரைப் பார்த்து, ஓடும் நேரத்தைக் குறைத்து, தண்ணீர் இல்லாதபோது மோட்டாரைத் தானே நிறுத்தும் டிரை ரன் கட்-ஆஃப் போடவும். மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) எரிந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

17. கருங்கல்லை ஆழத்துல ஒடைச்சு தண்ணி விட்டு சூடாக்கி எடுக்கற டெக்னிக் இருக்குதாமே?

இருக்கிறது. தண்ணீரை அதிக அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்கி, ஒரு துளையில் விட்டு இன்னொன்றில் எடுப்பார்கள். சூடான பாறை எட்டும் ஆழத்தில் இருந்தால்தான் இதுவும். கோலார் கணக்கு இங்கேயும் குறுக்கே நிற்கிறது. தென் கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பரில் வந்த நிலநடுக்கத்துக்கு இத்தகைய திட்டமே காரணம் என்று அந்நாட்டு அரசு அமைத்த குழு முடிவு சொன்னது.

18. கரண்டை விடுங்க. பூமிக்குள்ள பைப் போட்டு பட்டுப்புழு ஷெட்டை குளிர வைக்கலாமா?

ஓரளவு. மூன்று மீட்டர் ஆழத்தில் மண் வருடம் முழுக்க 27, 28 டிகிரியில் நிற்கும். மே மாதத்தில் 40 டிகிரிக் காற்றை 30, 40 மீட்டர் நீளக் குழாய் வழியாக இழுத்தால் 31, 32 ஆக வரும். பெரிய புழுவுக்கு வேண்டியது 25 டிகிரி அளவு. எனவே இது ஈரச் சாக்குக்கும் கூரை நிழலுக்கும் துணைதான், மாற்று அல்ல. குப்பம் பக்கம் ஐந்தடியிலேயே பாறை தட்டினால் பொக்லைன் வாடகைக்கே பணம் போய்விடும், முதலில் ஒரு குழி தோண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயைச் சமமாகப் போடக் கூடாது. மழைக்காலக் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்துத் தேங்கும், பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் காற்று ஷெட்டுக்குள் வந்தால் சுண்ணாம்புக் கட்டு நோய்க்கு நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி. பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சரிவு கொடுத்து, தாழ்ந்த முனையில் வடிகுழி வைத்து, வாரம் ஒருமுறை அதை இறைத்துவிடுங்கள்.